நான் ஸ்கூட்டியில் இருந்து விழவில்லை

நான் ஸ்கூட்டியில் இருந்து விழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செஞ்சியில் எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்றைக்கும் நான் திண்டிவனம் ரோட்டில் விழுந்து அடிபட்டவள் என்றுதான் நம்புகிறார்கள். விழுந்த இடத்தைக்கூடக் காட்டுவார்கள். ஒரு வேகத்தடை, அதை ஒட்டி ஒரு டீக்கடை. என்னைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்ததாக அந்த டீக்கடைக்காரரே சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. வீட்டில் ஒருவர் ஒரு பொய்யைச் சொல்லித் தெருவில் விட்டால் போதும், மற்றவர்கள் அதற்குச் சோறு போட்டு வளர்த்துவிடுவார்கள். மீதிப் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். அவர்களும் என்னைப் பார்த்தால், "வண்டிய பாத்து ஓட்டக் கூடாதாம்மா?" என்றுதான் கேட்கிறார்கள்.

சின்ன வயதிலிருந்தே நான் ஒரு சந்தேகப் பிராணி. கடையில் தராசு அசையாமல் நிற்கும் வரை பையை நீட்ட மாட்டேன். "பக்கத்துலதான் போறேன், வந்துடறேன்" என்று அம்மா சொன்னால், அவள் கட்டியிருக்கும் புடவையைப் பார்ப்பேன். நல்ல புடவையாக இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு நானும் கிளம்பிவிடுவேன். நைனா என்னை "எங்க வீட்டு சிஐடி" என்பார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. விவசாயிகள் நெல்லும், நாங்கள் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலையும் கொண்டுவந்து விற்கிற கூடத்துக்கு எங்கள் ஊரில் கமிட்டி என்று பெயர். அங்கே மூட்டைகளை எடை போடுவது அவர் வேலை. வியாபாரி குத்தூசியை மூட்டையின் வயிற்றில் செருகி இழுத்து, உள்ளங்கையில் விழுகிற நெல்லைப் பார்த்து விலை சொல்வார். மேலே நல்ல நெல்லும் அடியில் பதரும் போட்டுக் கட்டி வருகிறவர்களை நைனா தூரத்தில் வரும்போதே கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்டவருக்குப் பிறந்த என்னிடமே ஒரு வியாதியை மறைத்துவிடலாம் என்று இவர்கள் நினைத்தது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

அது எனக்குக் கல்லூரியில் கடைசி வருடம். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து கோட்டைக்குப் போனோம். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் கூட்டிக்கொண்டு போவதோடு சரி, உள்ளூர்க்காரர்கள் யாரும் சும்மா ராஜகிரி மலை ஏற மாட்டார்கள். ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது இடது முட்டிக்கு மேலே விண்விண்ணென்று தெறித்தது. படி ஏறிய வலி என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் மற்றவர்களுக்கெல்லாம் மறுநாளே போய்விட்ட வலி எனக்கு மட்டும் போகவில்லை. நடந்தால் பரவாயில்லை, படுத்தால் அதிகமாயிற்று. ஏறி இறங்கியதால் வந்த வலி என்றால் படுத்தால் குறைய வேண்டாமா? எனக்கு அங்கேயே உறுத்தியது. அம்மா தைலம் தேய்த்துவிட்டாள். தேய்க்கத் தேய்க்க முட்டிக்கு மேலே கொழுக்கட்டை அளவுக்கு ஒரு மேடு எழும்பியது.

பஜாரில் எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். அதுவரை நைனாவோடு வழவழவென்று பேசிக்கொண்டிருந்தவர் அவர். திடீரென்று என்னிடம் எந்தக் கல்லூரி, என்ன படிப்பு என்று கேட்க ஆரம்பித்தார். பிறகு, "பாப்பாவ வெளிய உக்கார வெச்சிட்டு நீங்க மட்டும் வாங்க" என்றார் நைனாவிடம். இருபது வயதுப் பெண்ணைப் பாப்பா என்று சொல்லி வெளியே அனுப்பினால் அது நல்ல செய்தியாக இருக்குமா? வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா வெளியே வந்தபோது அவருடைய சட்டைக் காலர் நனைந்திருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறார். கமிட்டியில் நாள் முழுவதும் தூசியில் நின்றாலும் வீட்டுக்கு வந்துதான் முகம் கழுவுகிற மனிதர் அவர்.

"இன்னா நைனா சொன்னாரு?"

"எலும்புல நீர் கோத்துக்கிச்சாம். மெட்ராசுல காட்டுனா சரியாயிடும்."

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, தடித்த இன்னொரு ஊசியை அந்த மேட்டுக்குள் செலுத்தித் துளி சதையை எடுத்தார்கள். எங்கள் தெருவில் கத்தி பட்டால் பரவிவிடும், ஊசி பட்டால் பரவிவிடும் என்று பேசாத ஆள் கிடையாது. நைனாவும் முதலில் தயங்கித்தான் நின்றார். ஊசியைக் கண்ணால் பார்த்த பிறகு, "நம்ம குத்தூசிதான் இது. குத்திப் பாக்காம சரக்கு இன்னான்னு எவனால சொல்ல முடியும்?" என்று அம்மாவிடம் சொன்னார். சொன்ன பிறகுதான் நான் பக்கத்தில் இருக்கிறேன் என்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார். நீர் கோத்துக்கொண்டதற்கு எதற்கு இத்தனை பரிசோதனை என்று நான் கேட்டேன். பெரிய ஆஸ்பத்திரி என்றால் அப்படித்தான் என்று அம்மா சொன்னாள்.

நாங்கள் ஊருக்குத் திரும்புவதற்குள் பொய் தயாராகிவிட்டது. எனக்குச் சொன்னது நீர் கோத்த கதை. ஊருக்குச் சொன்னது ஸ்கூட்டி கதை. மறுநாள் காலையில் வாசலில் நின்ற ஸ்கூட்டியைப் பார்த்தேன். வலது பக்கம் முழுக்கச் சிராய்ப்பு. நைனா அதைச் சுவரில் உரசியிருக்கிறார். ஆனால் கண்ணாடி உடையவில்லை, கைப்பிடி வளையவில்லை. எனக்கு வலிக்கிறது இடது கால், வண்டி சிராய்த்திருப்பது வலது பக்கம். பொய் சொல்வதிலாவது ஒரு நேர்த்தி வேண்டாமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலுக்குக் கீழே ஒரு பயமும் இருந்தது. ஊர் வாயை அடைக்க நல்ல வண்டியையே கெடுக்கிறார்கள் என்றால், மறைக்கிற விஷயம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

யாருக்காக இதெல்லாம் என்றும் எனக்குத் தெரியும். நைனாவின் அக்கா, என் அத்தை, தொண்டூரில் இருக்கிறாள். அவளுடைய மகனுக்கு என்னைக் கொடுப்பது என்று பேசி வைத்திருந்தார்கள். படிப்பு முடியட்டும் என்று காத்திருந்தார்கள். வியாதியின் பெயர் வெளியே வந்தால் கல்யாணப் பேச்சு நின்றுவிடும், என் காதில் விழுந்தால் நான் பயத்திலேயே செத்துவிடுவேன் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். அதனால் எங்கள் வீட்டில் அந்த வார்த்தை இல்லை. டிவியில் புகையிலை விளம்பரம் வந்தால் அம்மா சேனலை மாற்றுவாள்.

வார்த்தையை மறைத்தார்களே தவிர, தங்களை மறைக்கத் தெரியவில்லை. அம்மா என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். தட்டைக் கழுவாமல் போட்டால்கூட ஒன்றும் சொல்வதில்லை. பஸ்ஸில் சில்லறைக்காகக் கண்டக்டரோடு மல்லுக்கு நிற்கிற நைனா, கார் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போனபோது டிரைவர் கேட்டதை மறுபேச்சு இல்லாமல் கொடுத்தார். எனக்கு அதெல்லாம் பிடிக்கவே இல்லை. அம்மா ஒரு தடவை நன்றாகத் திட்டினால் எனக்கு ஒன்றும் இல்லை என்று நம்பிவிடலாம் என்று இருந்தது.

முதல் தடவை மருந்து ஏற்றப் போவதற்கு முன்னால் அம்மா திடீரென்று, "மேல்மலையனூர் அம்மனுக்கு வேண்டுதல் இருக்குது, உனுக்கு மொட்டை போடணும்" என்றாள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணுக்கு எந்த அம்மாவாவது தானாக மொட்டை போடுவாளா? என்ன வேண்டுதல், எப்போது வேண்டிக்கொண்டாய் என்று குடைந்தேன். நீ குழந்தையாக இருந்தபோது என்றாள். பிறகு எனக்குச் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக நைனாவும் என் பக்கத்தில் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் தலையில் சந்தனத்தோடு வீட்டுக்கு வந்தோம். தெருவே நம்பியது. நான் மட்டும் நம்பவில்லை. முடி கொட்டுவதற்கு முன்னால் முடியை எடுத்துவிட்டார்கள் என்பது வார்டுக்குள் நுழைந்ததுமே புரிந்துவிட்டது. அங்கே மொட்டைத் தலையோடு இருந்த அத்தனை பேரும் மேல்மலையனூருக்கு வேண்டிக்கொண்டவர்களாக இருக்க முடியாது.

மருந்து சிவப்பாக இருந்தது. பழச்சாறு மாதிரி நிறம். "எலும்புக்கு சத்து மருந்து" என்றாள் அம்மா. அந்தச் சத்து மருந்து ஏறியதும் வாந்தி எடுத்து எடுத்து என் தொண்டை புண்ணாயிற்று. வாயெல்லாம் கொப்புளம். தண்ணீர்கூட இரும்பு நாற்றம் அடித்தது. ரத்தத்தில் அணுக்கள் குறைந்து காய்ச்சல் வந்து, ஊருக்குப் போன வேகத்தில் திரும்பி வந்து படுத்ததும் உண்டு. ஆனால் ஒன்று நடந்தது. கால் வலி குறைந்தது. மேடு கொஞ்சம் அடங்கிய மாதிரி இருந்தது. அதையும் நான் நம்பவில்லை. ரகசியமாகத் தினமும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். அவளுக்கு வலது கால் தொடைக்குக் கீழே இல்லை. ஆபரேஷன் முடிந்து மிச்ச மருந்து ஏற்ற வந்திருந்தாள். அவள்தான் எனக்கு அந்த வார்த்தையை முதலில் சொன்னவள். ஏதோ மளிகைச் சாமான் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"எலும்புல கேன்சர் கா. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மருந்துதான், நான் பாத்தனே. உனுக்கு யாரும் சொல்லலியா?"

"இல்ல."

"எனுக்கும் சொல்லல. சின்ன ஆபரேஷன்னு சொல்லி உள்ள அனுப்புனாங்க. கண்ணு முழிச்சதும் வெரல ஆட்டிப் பாத்தேன் கா, ஆடிச்சி. கட்ட வெரல்ல அரிப்புகூட எடுத்துச்சி. சரி, காலு இருக்குதுன்னு சந்தோசமா படுத்துனு இருந்தேன். மறுநாள் போர்வைய எடுக்கறாங்க, காலே இல்ல. காலு போனாலும் காலு இருக்குறாப்லயே தோணுமாம். அப்பா முன்னாடியே கையெழுத்து போட்டுட்டாரு."

அன்றைக்குச் சாப்பாட்டைத் தொடவில்லை. கேன்சர் என்பது எனக்கு அதிர்ச்சி இல்லை. அது எப்போதோ தெரிந்துபோன விஷயம், பெயர் மட்டும் இப்போது கிடைத்தது. என்னை ஆட்டியது கால்தான். என்னைக் கேட்காமல் என் காலைக் கொடுத்துவிடுவார்களா? நைனாவும் டாக்டரும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசியதெல்லாம் இதைத்தானா? அதற்குப் பிறகு யார் யாரோடு பேசினாலும் எனக்கு என் காலைப் பற்றிப் பேசுவதாகவே தோன்றியது. நைனா போனில் "சரிங்க, சரிங்க" என்று சொன்னால் எதற்குச் சரி சொல்கிறார் என்று காதைத் தீட்டுவேன். கேட்டுவிடலாம்தான். கேட்டால் பொய்தான் வரும், அந்தப் பொய்யை வேறு நான் உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டும். எனக்கு அலுத்துவிட்டது.

எலும்பு ஆபரேஷன் செய்கிற டாக்டர் என்னிடம் நேராகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "இந்தக் காலை ஊன்றக் கூடாது, தேய்க்கக் கூடாது, யாரையும் பிடிச்சு இழுக்க விடக் கூடாது. இப்போ உன் எலும்பு மல்லாட்டை ஓடு மாதிரி இருக்கு. உடைஞ்சா உள்ளே இருக்கிறது வெளியே சிந்திடும். அப்புறம் காலைக் காப்பாத்துறது ரொம்பக் கஷ்டம்." மற்றவர்களின் பேச்சில் மறைத்த இடங்களைத் தேடுகிற எனக்கு, இந்தப் பேச்சில் அப்படி ஒன்றும் தட்டுப்படவில்லை. இதை மட்டும் நம்பினேன். முட்டிக்கு மேலும் கீழும் பட்டை வைத்த நீளமான பெல்ட்டைக் காலில் மாட்டி, இரண்டு பக்கமும் ஊன்றுகோல் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் வீட்டில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். தனியாக வரவில்லை. கூடவே பைக்கில் ஒருவர் வந்திறங்கினார். பேன்ட் சட்டை, கையில் பெரிய பை. நாட்டுக்கட்டுக்காரர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் கை கால் முறிந்தால் ஜனங்கள் அவரிடம்தான் போவார்கள். பையில் இருந்து எண்ணெய் பாட்டில், மூங்கில் பட்டை, துணிச்சுருள் எல்லாம் வெளியே வந்தன. முட்டையும் உளுந்து மாவும் அத்தையே வாங்கி வந்திருந்தாள்.

"ஸ்கூட்டியில உழுந்து எத்தினி மாசம் ஆவுது? இன்னும் எலும்பு சேரலன்னா இன்னா வைத்தியம் அது?" என்றாள் அத்தை. "தம்பி, உன் மெட்ராஸ் டாக்டர நம்பி என் மருமவள மூலையில படுக்க வெச்சிட்ட. இவரு இழுத்து உட்டு ஒரு கட்டு போட்டாருன்னா பொண்ணு நடந்துடுவா."

அத்தை நல்லவள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்காக ஒரு வைத்தியரைத் தேடிக் கையோடு கூட்டிக்கொண்டு வருகிற அளவுக்கு ஆசை. விழுந்து எலும்பு உடைந்தது என்று நாங்கள்தான் சொன்னோம். உடைந்த எலும்புக்குக் கட்டுக்காரரைக் கூட்டி வந்தாள். அவள் செய்ததில் தப்பு என்ன? எங்கள் பொய் சோறு தின்று வளர்ந்து, எண்ணெய் பாட்டிலோடு கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அம்மா சமையல் கட்டிலிருந்து ஓடிவந்தாள். "இல்ல அண்ணி, டாக்டர் யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லி இருக்காரு."

"அவரு அப்பிடித்தான் சொல்லுவாரு. தொட்டா குணமாயிடுமே!"

"அப்பால பாத்துக்கலாம் அண்ணி. மொதல்ல காபி குடிங்க."

"காபி எங்கடி போவுது? இன்னாத்துக்கு இப்பிடி பயப்படற?"

ஏன் தொடக் கூடாது என்று சொல்ல வேண்டுமானால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். நைனா அதற்குள் வாசலுக்குப் போய் அவர்கள் வந்த பைக்கை ஓரம் கட்டிக்கொண்டிருந்தார். கட்டுக்காரர் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்தார். "பயப்படாத பாப்பா, சுண்டி இழுக்கறாப்ல இருக்கும், அவ்ளோதான்" என்றார். பெல்ட்டின் முதல் பட்டையைப் பிரித்தார். அடுத்ததைப் பிரித்தார். உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி அந்த மேட்டின் மேல் வைத்து ஒரு தடவு தடவினார். இன்னொரு கையால் குதிகாலைப் பிடித்தார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கண் என் காலில் இருந்தது. என் காலைவிட அந்தப் பொய்யைத்தான் இவள் காப்பாற்றப் போகிறாள் என்று எனக்குத் தோன்றியது. அந்த நிமிடம் எனக்கு வந்த கோபத்தைப் போல அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"கைய எடுங்க! எனுக்கு கேன்சரு. எலும்புல கேன்சரு. இழுத்தா காலு உடைஞ்சிடும். எடுங்க கைய!"

கட்டுக்காரர் நெருப்பைத் தொட்டதுபோலக் கையை எடுத்துவிட்டார். அத்தை முட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். முதலில் பேசியது அம்மாதான்.

"இன்னாடி உளர்ற? மருந்து வேகம் அண்ணி. சூடு தலைக்கு ஏறிப் போச்சி. என்னென்னமோ பேசறா."

நான் கத்திய பிறகும் சொன்னாள். அந்த நிலைமையிலும் அம்மாவின் துணிச்சலை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அத்தை பாவம், நம்பலாமா வேண்டாமா என்று தெரியாமல் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கட்டுக்காரரின் கை அந்தரத்தில் நின்றது. நைனா நிலைப்படியில் வந்து நின்றிருந்தார்.

"உளர்ல கா. அவ சொல்றது நெசந்தான்" என்றார்.

பிறகு கட்டுக்காரரைப் பார்த்து, "மன்னிச்சிடுங்கண்ணே, தப்பு எங்களுது" என்றார். அவர் பெல்ட்டை இருந்த மாதிரியே மாட்டிவிட்டு, பட்டைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். அத்தை என் தலையைத் தடவி அழுதாள். கல்யாணத்தைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. ஆனால் வருவதை நிறுத்தவும் இல்லை. மல்லாட்டை உரித்து வறுத்து எடுத்துக்கொண்டு வருவாள். அது பாசமா, பரிதாபமா என்று நான் அதையும் ஆராய்ந்துகொண்டுதான் தின்றேன்.

அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. அன்று சாயங்காலம் தட்டில் சோறு போட்டபடியே, "டாக்டர் நீருன்னுதான் சொன்னாரு" என்றாள். நைனா தலையைக் குனிந்துகொண்டார்.

கட்டுக்காரர் தடவிய இடம் வலித்தது. உடைந்துவிட்டதோ என்ற பயத்தில் மறுநாளே சென்னைக்குப் போனோம். படம் எடுத்துப் பார்த்து எலும்பு உடையவில்லை என்றார் டாக்டர். நான் அவரிடம், "சார், எனக்கு என்ன வியாதின்னு தெரியும். இனிமே வெளியே போய் எங்க நைனாகிட்ட பேச வேணாம். எங்கிட்ட பேசுங்க" என்றேன். அவர் நைனாவைப் பார்த்தார். நைனா எழுந்து தன் நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டுச் சுவர் ஓரமாக நின்றுகொண்டார்.

டாக்டர் எனக்கு விளக்கினார். மருந்தில் கட்டி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. கட்டி இருக்கிற எலும்பை முட்டியோடு வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தால் செய்த எலும்பும் முட்டியும் வைப்பார்கள். கால் தங்கும். ஆனால் ரத்தக்குழாயை ஒட்டிய இடம் ஒன்று இருக்கிறது. திறந்து பார்க்கும்போது கட்டி அதைப் பிடித்திருந்தால், உயிருக்காகக் காலை எடுக்க வேண்டி வரலாம். "எது நடக்கும்னு இப்போ என்னால உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார். சம்மதக் கையெழுத்தை நானே போட்டேன். போட்ட பிறகு வழக்கம்போல யோசனை ஓடியது. எடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு, என் மனதைத் தேற்ற 'வரலாம்' என்று சொல்கிறாரோ? பார்க்காமல் எதைத்தான் நம்புவது?

ஆபரேஷன் அன்று டாக்டர் பேனாவால் என் இடது காலில் அடையாளம் போட்டார். எந்த உயரத்தில் போடுகிறார் என்று உற்றுப் பார்த்தேன். முட்டிக்கு மேலே ஒரு அம்புக்குறி. அது காலைக் காப்பாற்றுகிறவர் போடுகிற அம்பா, எடுக்கிறவர் போடுகிற அம்பா? முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே என் உடம்பு என்னை விட்டுப் போனது. பிறகு முகத்தில் எதையோ வைத்தார்கள், அவ்வளவுதான் ஞாபகம்.

கண் விழித்தபோது வாய் வறண்டிருந்தது. தலையைத் தூக்கக் கூடாது என்று ஒரு நர்ஸ் நெற்றியில் கை வைத்துச் சொன்னாள். இடுப்புக்குக் கீழே கம்பி வளைவு ஒன்றை வைத்து அதன் மேல் போர்வையைப் போட்டிருந்தார்கள். மல்லாந்து கிடந்த எனக்குப் போர்வையின் மேடு மட்டும்தான் தெரிந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. "என் காலு?" என்று கேட்டேன். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடுச்சு" என்றாள் நர்ஸ். எது நல்லபடி? எடுத்ததும் நல்லபடியாக முடிந்திருக்கலாமே. கட்டை விரலை அசைக்க நினைத்தேன். மரத்துப்போன ஆழத்தில் எங்கேயோ அது அசைந்த மாதிரி இருந்தது. கொஞ்சம் அரித்தது. பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கும் இப்படித்தானே அரித்தது!

ஒரு ஆளை மட்டும் உள்ளே விட்டார்கள். அம்மா வந்தாள். குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, காலு இருக்குதா?"

"இருக்குதுடி. ரெண்டு காலும் இருக்குது."

அதே குரல். நீர் கோத்துக்கொண்டது, சத்து மருந்து, மேல்மலையனூர் வேண்டுதல் எல்லாம் சொன்ன அதே குரல். எனக்குக் கண்ணீர் காதுக்குள் வழிந்தது. உலகத்திலேயே இந்த ஒரு வார்த்தையைத்தான் நான் நம்ப விரும்பினேன். சொல்கிறவள் அம்மாவாகப் போய்விட்டாளே என்று இருந்தது.

"பொய் சொல்லாதமா. உன்ன கெஞ்சிக் கேக்கறேன். எடுத்துட்டாங்களா?"

"இல்லடி. சத்தியமா இருக்குது."

"நீ எல்லாத்துக்கும் சத்தியம் பண்ணுவ."

அம்மா போர்வையைத் தூக்கப் போனாள், நர்ஸ் தொடக் கூடாது என்று அதட்டினாள். கையை எடுத்துக்கொண்டு நின்றாள். பிறகு பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள். அவள் உதடு என் காதில் பட்டது.

"கேளு. உனுக்கு வந்துக்குறது கேன்சரு" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்பது அதுதான் முதல் தடவை. ஏதோ தொண்டையில் சிக்கிய முள்ளை எடுப்பதுபோலக் கஷ்டப்பட்டுச் சொன்னாள். சொன்ன பிறகு நிறுத்தவில்லை.

"எலும்ப மொழங்காலோட எடுத்துட்டாங்க. கம்பி வெச்சிருக்காங்க. இனிமே உன்னால சம்மணம் போட்டு உக்கார முடியாதாம். குத்துக்கால் வெக்க முடியாதாம். ஓடக் கூடாதாம். வெட்டி எடுத்தத டெஸ்டுக்கு அனுப்பி இருக்காங்க. மருந்துல அது எவ்ளோ செத்திருக்குதுன்னு பாத்துட்டுதான் மேல சொல்லுவாங்களாம். இன்னும் மருந்து ஏத்தணும். மறுபடியும் வாந்தி வரும், வாய் புண்ணாவும். திரும்பி வராதுன்னு டாக்டர் சொல்ல மாட்டேங்கறாரு. நான் கால்ல உழுந்து கேட்டேன், சொல்ல மாட்டேங்கறாரு. எனுக்கு பயமா இருக்குதுடி."

சொல்லிவிட்டு என் தலைமாட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் கையை நீட்டி அவள் கழுத்தைத் தொட்டேன். வியர்த்திருந்தது.

"காலு?" என்றேன் மறுபடியும்.

"இருக்குது" என்றாள்.

நம்பினேன்.